இருபடிச் சமன்பாடும் மகாவீராச்சாரியர் காட்டிய வழியும்

(திருவண்ணாமலையில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறவுரைகளும் புராணச் சொற்பொழிவுகளும் நிகழும் இம்மேடையில், இருபடிச் சமன்பாட்டைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் ஆகமங்களை முன்னோர் நான்கு அனுயோகங்களாக வகுத்தனர். அவற்றுள் கரணானுயோகம் உலகின் அமைப்பையும் அதன் அளவுகளையும் கூறுவது. அளவு என்று வந்துவிட்டால் கணிதம் வந்தே தீரும். ஆகவே கணிதம் நம் அவைக்குப் புறம்பான பொருள் அன்று.

இன்னொரு காரணமும் உண்டு. நம் இல்லங்களில் பத்தாம் வகுப்புப் பயிலும் பிள்ளைகள் பொதுத்தேர்வு நெருங்குங்கால் ஒரு சூத்திரத்தை மந்திரம்போல் உருப்போடுகின்றனர். ‘கழித்தல் ஆ, கூட்டல் அல்லது கழித்தல், வர்க்கமூலம்...’ என்று அது செல்லும். எங்கிருந்து வந்தது, ஏன் அவ்வடிவில் இருக்கிறது என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. தேர்வு முடிந்த மறுவாரமே அது மறந்துபோகிறது. காரணம் அறியாமல் மனனம் செய்தது நிலைக்காது. காரணத்தை அறிந்தவனோ, சூத்திரத்தை மறந்தாலும் தானே அதனை மீண்டும் ஆக்கிக்கொள்வான். இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பதே என் நோக்கம். அதற்குத் துணையாக நம் மரபில் வந்த ஒரு பேராசிரியரையே அழைத்துக்கொள்கிறேன்.

அவர் பெயர் மகாவீராச்சாரியர். இருபத்துநான்காம் தீர்த்தங்கரரின் திருப்பெயரைத் தாங்கியவர்; அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். பிள்ளைகள் இருவரையும் ஒருவராகக் கருதிவிடலாகாது என்பதற்காக இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கி.பி. 814 முதல் 878 வரை ஆண்ட இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ 850-ஆம் ஆண்டளவில் அவர் வாழ்ந்தார். அம்மன்னனின் தலைநகர் மான்யகேடம். இன்று கருநாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என வழங்குகிறது. ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனாச்சாரியர் அம்மன்னனின் குரு என்பதை இவ்வவையில் பலரும் அறிவீர்கள்.

மகாவீராச்சாரியர் வடமொழியில் இயற்றிய நூல் ‘கணித சார சங்கிரகம்’. அக்காலத்தில் கணிதம் பெரும்பாலும் வானியல் நூல்களின் ஓர் அதிகாரமாகவே இடம்பெற்றது. இந்நூலோ முழுவதும் கணிதத்துக்கென்றே எழுந்தது. பொருளீட்டல், இசை, நாடகம், சமையல், மருத்துவம், கட்டடக்கலை என எத்துறையிலும் கணக்கின்றி இயங்க முடியாது என்று அதன் தொடக்கத்தில் ஆசிரியர் எடுத்துரைக்கிறார். 11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். சமயம் கடந்தும் மொழி கடந்தும் அது பயின்றது என்பதற்கு இது சான்று.

பின்னர் நெடுங்காலம் சுவடிகளுக்குள் உறங்கிய அந்நூலை உலகறியச் செய்தது நம் சென்னை மாநகரமே. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும், அரசுக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பொறுப்பாளராகவும் இருந்தவர் எம். ரங்காச்சாரியார். நூலகத்தில் கிடைத்த மூன்று சுவடிகளும் குறையுடையன. அவற்றோடு நில்லாமல், மைசூரிலிருந்தும் மூடபித்ரியிலிருந்தும் வேறு படிகள் தேடிப் பெறப்பட்டன. அவற்றை ஒப்பிட்டு, மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் குறிப்புகளையும் 1912-இல் சென்னை அரசு அச்சகத்தின் வழியாக வெளியிட்டார். சமண ஆசிரியர் ஒருவரின் நூலை வைணவப் பேராசிரியர் ஒருவர் பல்லாண்டு உழைத்துப் பதிப்பித்தார் என்பதை நன்றியுடன் நினைவுகூர்வது நம் கடமை.

இனி கணக்குக்கு வருவோம்.

அந்நூலில் ஒட்டகக் கூட்டத்தைப் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. அதன் பொருளை என் சொற்களில் தருகிறேன். ஒரு கூட்டத்தின் நான்கில் ஒரு பங்கு காட்டில் நிற்கிறது. கூட்டத்தின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, அதனைப்போல் இரு மடங்கு ஒட்டகங்கள் மலைச்சரிவுக்குப் போய்விட்டன. எஞ்சிய 15 ஆற்றங்கரையில் உள்ளன. மொத்தம் எத்தனை?

எண்ணிக்கையும் தெரியாது, அதன் வர்க்கமூலமும் தெரியாது. ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றது தெரியும். இத்தகைய கணக்குகளை அவர் ‘மூல’ வகை எனத் தனியே பிரித்து, அதற்கு வழியும் வகுத்தார். அவ்வழியிலேயே செல்வோம்.

காட்டில் நிற்கும் கால் பங்கை நீக்கினால் எஞ்சுவது முக்கால் பங்கு. அந்த முக்கால் பங்கு, மூலத்தின் 2 மடங்கும் 15-உம் சேர்ந்ததற்குச் சமம். முழுக் கூட்டத்துக்கு வரவேண்டுமாயின் இரண்டையும் முக்காலால் வகுக்க வேண்டும். 2-ஐ முக்காலால் வகுத்தால் 8/3. 15-ஐ முக்காலால் வகுத்தால் 20. ஆகவே முழுக் கூட்டம் என்பது மூலத்தின் 8/3 மடங்கும் 20-உம் சேர்ந்தது. இப்போது 8/3-இல் பாதியை எடுங்கள், அது 4/3. அதன் வர்க்கம் 16/9. அதனுடன் 20-ஐக் கூட்டினால் 196/9. இதன் வர்க்கமூலம் 14/3. முன்பு எடுத்த பாதியாகிய 4/3-ஐ இதனுடன் கூட்டினால் 18/3, அதாவது 6. இதுவே கூட்டத்தின் மூலம். கூட்டம் 36.

சரிபார்ப்போம். 36-இல் கால் பங்கு 9. மூலமாகிய 6-இன் இரு மடங்கு 12. ஆற்றங்கரையில் 15. மூன்றையும் கூட்டினால் 36. கணக்கு முடிந்தது.

மாணவர்களே, இங்கே நிகழ்ந்ததைக் கவனியுங்கள். பாதி எடுத்தோம், வர்க்கமாக்கினோம், தெரிந்த எண்ணைக் கூட்டினோம், வர்க்கமூலம் கண்டோம், பாதியைச் சேர்த்தோம். உங்கள் பாடநூலில் ‘வர்க்கப் பூர்த்தி முறை’ என்ற தலைப்பில் இருப்பதும், சூத்திரத்தின் உள்ளே ஒளிந்திருப்பதும் இந்த ஐந்து செயல்களே.

ஏன் பாதியை எடுத்து வர்க்கமாக்க வேண்டும்? இதற்கு நம் ஊரிலிருந்தே ஒரு கணக்கு எடுத்துக்கொள்கிறேன். அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். ஒருவர் ஒரே வேகத்தில் நடந்து சுற்றி வருகிறார். மணிக்கு அரைக் கிலோமீட்டர் கூடுதலாக நடந்திருந்தால் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்திருப்பார். அவருடைய வேகம் என்ன?

அவ்வேகத்தை ‘ய’ என்போம். நம் பழைய கணித ஆசிரியர்கள் தெரியாத எண்ணை ‘யாவத்தாவத்’ என்று சொல்லி, ‘யா’ என்று சுருக்கி எழுதினர். அதனையொட்டியே இவ்வெழுத்தை எடுத்தேன். நேரம் என்பது தொலைவை வேகத்தால் வகுத்தது. எனவே,

14 ÷ ய − 14 ÷ (ய + 0.5) = 0.5

இதனைச் சுருக்கினால்,

ய² + 0.5ய = 14

என்று வரும். இருபுறமும் 4-ஆல் பெருக்குவோம்.

4ய² + 2ய = 56

இப்போது தரையில் ஒரு சதுரம் வரைந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பக்கம் 2ய, பரப்பு 4ய². அதன் வலப்பக்கத்தில் அரை அலகு அகலமுள்ள பட்டை ஒன்றையும், கீழ்ப்பக்கத்தில் அதே அகலமுள்ள பட்டை ஒன்றையும் ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் ய. இரண்டும் சேர்ந்து 2ய. ஆக, சமன்பாட்டின் இடப்பக்கம் முழுவதும் தரையில் வந்துவிட்டது. ஆனால் உருவம் இன்னும் சதுரம் ஆகவில்லை. வலக் கீழ்மூலையில் ஒரு சிறு கட்டம் குறைகிறது. அதன் பக்கம் அரை, பரப்பு கால். அந்தக் காலைக் கூட்டிவிட்டால் பெரிய சதுரம் நிறைவடையும். ஒருபுறம் கூட்டியதை மறுபுறமும் கூட்ட வேண்டுமல்லவா? ஆகவே,

(2ய + 0.5)² = 56.25

56.25-இன் வர்க்கமூலம் 7.5. எனவே 2ய + 0.5 = 7.5; ய = 3.5. அவர் மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் நடந்து 4 மணி நேரத்தில் சுற்றினார். 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்திருந்தால் மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். அரை மணி மிச்சம், விடை சரி.

சூத்திரத்தில் காணும் ‘ஆ வர்க்கம்’ என்பது இந்த மூலைக் கட்டமே. பொதுவாக எழுதினால் இதே படிகள்தாம்.

அ·ய² + ஆ·ய + இ = 0

என்பது சமன்பாடு. முழுவதையும் 4அ-வால் பெருக்குக. ‘இ’ உள்ள உறுப்பை மறுபுறம் கொண்டுசெல்க. மூலைக் கட்டமாகிய ஆ²-ஐ இருபுறமும் கூட்டுக.

(2அ·ய + ஆ)² = ஆ² − 4·அ·இ

இனி வர்க்கமூலம் எடுத்து, ‘ஆ’வைக் கழித்து, 2அ-வால் வகுத்தால்,

ய = (−ஆ ± √(ஆ² − 4·அ·இ)) ÷ (2·அ)

பிள்ளைகள் மந்திரம்போல் ஓதியது இப்போது நான்கு படிகளாக விரிந்துவிட்டது. 4அ-வால் பெருக்கிப் பின்னத்தைத் தவிர்க்கும் இவ்வழி ஸ்ரீதரர் என்னும் ஆசிரியருடையது. அவருடைய இயற்கணித நூல் மறைந்துபோயிற்று. ஆயினும் பாஸ்கரர் 1150-இல் தம் பீஜகணிதத்தில் அவ்விதியை எடுத்துக்காட்டியமையால் அது நமக்குக் கிடைத்தது.

கூட்டல் அல்லது கழித்தல் என்று ஏன் இரண்டு? 7.5-ஐப் போலவே −7.5-ஐ வர்க்கமாக்கினாலும் 56.25 வரும். அதனை எடுத்தால் ய = −4. கிரிவலம் வருபவர் மணிக்குக் ‘குறை நான்கு’ கிலோமீட்டர் வேகத்தில் நடந்தார் என்று சொன்னால் பொருளில்லை. சமன்பாட்டுக்கு அவ்விடை பொருந்தும், நடப்பவருக்குப் பொருந்தாது. ஆகவே தள்ளுகிறோம். சமன்பாடு தரும் விடைகளைக் கணக்கின் சூழலில் வைத்துப் பார்த்துத் தகுவதைக் கொள்ளும் பொறுப்பு நம்முடையது.

எப்போதும் ஒன்றைத் தள்ள வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு விடைகளும் மெய்யாக நிற்கும் இடம் ஒன்றை நம் நூல்களே காட்டுகின்றன. திலோயபண்ணத்தி முதலான நூல்கள் ஜம்புத்வீபத்தை வட்டமாகவும், அதன் ஓரத்தில் அமைந்த பரத க்ஷேத்திரத்தை வில்லின் வடிவாகவும் கூறுகின்றன. வில், நாண், அம்பு என்னும் மூன்றின் அளவுகளை ஒன்றிலிருந்து ஒன்று காணும் விதிகள் அங்கே உண்டு. வட்டத்தின் விட்டமும் நாணும் தெரிந்தால் அம்பைக் காண்பது இருபடிச் சமன்பாடே.

இதனை நம் வயல்வெளியின் வட்டக் கிணற்றில் வைத்துப் பார்க்கலாம். கிணற்றின் விட்டம் 10 அடி. 8 அடிப் பலகை ஒன்றின் இரு முனைகளும் உட்சுவரைத் தொடுமாறு குறுக்கே கிடக்கிறது. பலகையின் நடுவிலிருந்து நேரெதிர்ச் சுவர் எவ்வளவு தொலைவு? அத்தொலைவை ‘ய’ என்றால், நாணில் பாதியின் வர்க்கம், ய-வையும் விட்டத்தில் எஞ்சிய பகுதியையும் பெருக்கியதற்குச் சமம். அதாவது ய × (10 − ய) = 16. சூத்திரத்தின்படி விடைகள் 2-உம் 8-உம். எது சரி? இரண்டும் சரி. பலகைக்கு ஒருபுறம் சுவர் 2 அடித் தொலைவில்; மறுபுறம் 8 அடித் தொலைவில். எப்பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை அமைகிறது. அனேகாந்தத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க விரும்பும் பெற்றோர் இந்தக் கிணற்றை எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். எது சொன்னாலும் சரி என்பதன்று அனேகாந்தம். இக்கிணற்றுக்கு 5 என்றோ 7 என்றோ விடை சொன்னால் அது தவறுதான்.

பலகையின் நீளம் 10 அடியானால்? அது விட்டத்தின்மேலேயே கிடக்கும். இருபுறமும் 5 அடி. மூலங்கள் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 12 அடியானால்? 10 அடி விட்டமுள்ள கிணற்றுக்குள் 12 அடிப் பலகை அப்படிக் கிடக்க இயலாது. சூத்திரமும் அதையே சொல்கிறது: வர்க்கமூலக் குறியினுள் 100 − 144, அதாவது −44 வந்து நிற்கிறது. பாடநூலில் ‘தன்மைக்காட்டி’ எனப்படும் ஆ² − 4·அ·இ செய்யும் வேலை இதுவே. அது மிகையானால் இரண்டு விடைகள். சுழியானால் ஒரே விடை. குறையானால் மெய்யெண்களில் விடையில்லை.

இந்த மூன்றாம் நிலையைப் பற்றி மகாவீராச்சாரியர் தெளிவாகக் கூறியிருக்கிறார். குறை எண் எதுவும் இயல்பில் ஒரு வர்க்கம் ஆகாது. ஆதலால் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்பது அவர் கருத்து. விடையில்லாத இடத்தில் விடையில்லை என்று கூறி, அதன் காரணத்தையும் கூறினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1572-இல் இத்தாலியரான பொம்பெல்லி குறை எண்களின் மூலங்களைக் கையாளும் விதிகளை எழுதினார். அவ்வழியே சிக்கலெண்கள் வளர்ந்து, இன்று மின்பொறியியலில் அன்றாடம் பயன்படுகின்றன. அதனால் மகாவீராச்சாரியர் கூற்று பொய்யாகிவிடவில்லை. அவர் பேசிய எண்களின் எல்லைக்குள் அது இன்றும் மெய்யே. எல்லை விரிந்தபோது புதிய மெய் சேர்ந்தது.

பெருமக்களே, இவ்விடத்தில் ஒரு வேண்டுகோள். நம் ஆசிரியரின் புகழைப் பேசும்போது, இருபடிச் சமன்பாட்டை உலகுக்குத் தந்தவரே அவர்தாம் என்று சொல்லிவிட வேண்டாம். ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாபிலோனியக் களிமண் பலகைகளில் இத்தகைய கணக்குகள் உள்ளன. நம் நாட்டில் பிரம்மகுப்தர் 628-இலேயே விதி வகுத்துவிட்டார். மகாவீராச்சாரியருக்குச் சற்று முன்னர் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி, சதுரம் வரைந்து மூலையை நிரப்பியே விளக்கினார். வாய்மையை அணுவிரதங்களுள் ஒன்றாகக் கொண்ட நாம், முன்னோர் புகழுக்காகவும் மிகை கூறலாகாது. உள்ளதைச் சொன்னாலே அவர் புகழுக்குப் போதும். முன்னோர் கண்டவற்றைத் திரட்டினார்; வகை வகையாகப் பிரித்தார்; ஒட்டகமும் மயிலும் யானையும் நிறைந்த கணக்குகளால் கற்போர் மனத்தில் பதியச் செய்தார். ஆசிரியப் பணியில் இதனினும் உயர்ந்தது அரிது.

அவர் பெயரைச் சொல்லிப் பெருமைகொள்ளும் நாம், அவர் போட்ட கணக்கில் ஒன்றையாவது போடத் தெரிந்தவர்களாக இருக்கிறோமா? கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பத்தாம் வகுப்போடு கணிதம் போதும் என்று, அச்சத்தாலேயே ஒதுங்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உண்டு. ‘நம் வீட்டுப் பெண்ணுக்குக் கணக்கு வராது’ என்று பெரியவர்களே முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லிவிடுவதும் உண்டு. வராதது கணக்கன்று, வந்து சேராதது காரணம். காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் எப்பிள்ளைக்கும் கணக்கு வரும்.

ஆகவே பெற்றோரிடம் நான் வேண்டுவது சிறிது. இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளில் சதுரம் ஒன்று வரையுங்கள். இரு பட்டைகளை ஒட்டுங்கள். குறையும் மூலையைப் பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணிதம் தெரிய வேண்டும் என்பதில்லை; ‘ஏன்?’ என்று கேட்டால் போதும். மாணவர்களுக்கும் ஒரு கணக்கு விட்டுச் செல்கிறேன். இதுவும் மகாவீராச்சாரியர் தந்ததே. ஒரு மயில் கூட்டத்தின் பதினாறில் ஒரு பங்கைத் தன்னாலேயே பெருக்கிய அளவு மாமரத்தில் உள்ளது. எஞ்சிய பதினைந்து பங்கின் ஒன்பதில் ஒரு பங்கைத் தன்னாலேயே பெருக்கிய அளவும், மேலும் 14 மயில்களும் தமால மரங்களில் உள்ளன. மொத்த மயில்கள் எத்தனை? சூத்திரம் இரண்டு விடை தரும். அவற்றுள் ஒன்று பின்னமாக வரும். பின்ன மயில் உண்டா என்று எண்ணிப் பார்த்து, தகுந்த விடையைக் கொள்ளுங்கள்.

1,100 ஆண்டுகளுக்கு மேலாக ஓலையிலும் தாளிலும் வந்த அக்கணக்கை இவ்வாண்டு நம் பிள்ளை ஒருவர் தம் கையால் போட்டு முடித்தால், இவ்விழாவின் பயன்களுள் அதுவும் ஒன்றாகும்.